தெரேசா காணவில்லை!

டெலிபோன் அலறியது!

சாசேஜில் கடுகு விழுதைத் தடவி வாய்வரை கொண்டுபோயிருந்த இன்ஸ்பெக்டர் ரொமானா, அதைத் தட்டில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டரம்மா! தெரேசாவைக் கடத்திட்டாங்க!"

"யாருங்க பேசறது?"

"வாவ்ரா. வியன்னா வெள்ளி நாணயச் சங்கத்தோட செயலாளர். கஃபே கிரில்பெர்க், பின்னாடி ரூம்..."

"தெரேசாவுக்கு வயசு என்ன?"

"இருநூத்தி நாப்பது தாண்டிடுச்சு..."

ரொமானா ரிசீவரை முறைத்தாள்.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டீங்களா?"

"காப்பி மட்டும்தாம்மா! தெரேசான்னா வெள்ளிக் காசு! மகாராணி மரியா தெரேசா உயிரோட இருந்தப்பவே அடிச்ச தாலர்! சீக்கிரம் வாங்க... இங்க ரெண்டு ஆலோசகர்கள் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெரிச்சுக்கறாங்க!"

கழுத்து என்றதும்தான் அவள் தொப்பியைத் தேடினாள்.

பின்னறை. சுருட்டு வாசனை. பன்னிரண்டு கிழவர்கள். பன்னிரண்டு லென்ஸ்கள்.

சோபாவில் நெற்றியில் ஈரத் துணியோடு சரிந்து கிடந்தார் அரசவை ஆலோசகர் ஓட்டோகர் விம்மர். அரசவையைக் கலைத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் என்ன... பட்டம் இருக்கிறதே! அதைச் சேர்த்துக் கூப்பிடாதவர்களுக்கு அவர் காது கேட்பதில்லை.

மார்போடு ஒரு தகர டப்பாவை அணைத்திருந்தார்.

எதிரே, டை கோணலாகி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் வணிக ஆலோசகர் ஏகோன் கிராட்டோக். பொத்தான் கடை வைத்திருந்தவர். வணிகத்துக்கு அவர் என்ன ஆலோசனை சொன்னார் என்பது வணிகத்துக்கே தெரியாது.

"இவன்தான் திருடன்!" என்று எழுந்து உட்கார்ந்தார் விம்மர்.

"மரியாதை... மரியாதை! வணிக ஆலோசகரைப் பார்த்து 'இவன்'னா என்ன அர்த்தம்?"

"சரி. வணிக ஆலோசகர்தான் திருடன்!"

ரொமானா செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க வாவ்ரா. என்ன ஆச்சு?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆயுட்காலத் தலைவர் தேர்தல். இவங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டி. விம்மர் ஐயா தன்னோட தாலரைக் காட்டிட்டார்னா கண்ணை மூடிட்டு எல்லாரும் அவருக்குத்தான் போடுவாங்க. பெட்டியைத் திறந்தா... காலி!"

"அப்படி என்ன அதிசயக் காசு?"

"மகாராணி செத்தது 1780. ஆனா அரபு நாட்டு வியாபாரிங்க, 'எங்களுக்கு அந்த அம்மா முகம் போட்ட காசுதான் வேணும், வேற எதையும் தொடமாட்டோம்'னுட்டாங்க. அதனால அந்த வருஷத்தையே போட்டு இன்னிக்கு வரைக்கும் அடிக்கறாங்க. கோடிக்கணக்குல இருக்கு! விம்மர் ஐயாவோடது மட்டும் அவங்க கண்ணை மூடறதுக்கு முந்தி அடிச்சது. முப்பது வருஷமா அதைப் பத்தியேதான் இங்க சொற்பொழிவு!"

"செத்த பிறகும் வேலை பாக்கறாங்களா? எங்க டிபார்ட்மெண்ட்டை விட மோசமா இருக்கே!"

ரொமானா கிராட்டோக்கை நெருங்கினாள்.

"பாக்கெட்டைக் காட்டுங்க."

"முடியாது!"

கோட்டின் இடது பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நெற்றியில் குப்பென்று வியர்வை!

"பாத்தீங்களா... பாத்தீங்களா!" என்று குதித்தார் விம்மர்.

அந்த நேரம் பார்த்து வெயிட்டர் ஃபெர்டினாண்ட் உள்ளே வந்தான். வியன்னா வெயிட்டர். கொலையே விழுந்திருந்தாலும், செத்தவர் வெளியிலிருந்து ரொட்டி கொண்டுவந்தாரா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"ஆலோசகர் ஐயா! அந்த டப்பாவுல என்ன?"

"அது... என் டிபன்."

"வெளிச் சாப்பாடு இங்க கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அவிச்ச முட்டை நாத்தம் வாசல் வரைக்கும் வருது!"

பசித்த வயிற்றுக்கு மூக்கு கூர்மை. ரொமானாவுக்கும் வாசனை எட்டியிருந்தது.

"திறங்க."

"முட்டைதான்மா... வயசானவன்..."

பிடுங்கினாள். திறந்தாள்.

நான்காக வெட்டிய அவித்த முட்டைகள். அவற்றின் நடுவே... முக்காடு போட்ட விதவைக் கோலத்தில், கன்னத்தில் மஞ்சள் கரு ஒட்ட, படுத்திருந்தாள் மகாராணி மரியா தெரேசா!

"காசை முட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு போலீஸைக் கூப்பிட்டீங்களா? பொய்ப் புகாருக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

வாவ்ரா காசை எடுத்துத் துடைத்தார். அலறினார்!

"ஐயோ... பளபளன்னு இருக்கு! தேய்ச்சிருக்கு!"

அறை முழுக்க 'ஹா' என்ற சத்தம். ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"அழுக்கைத் தேய்ச்சா தப்பா?" என்றாள் ரொமானா.

"அது அழுக்கில்லம்மா! இருநூறு வருஷத்துக் கருப்பு! காசைத் தேய்ச்சவனை அன்னிக்கே சங்கத்தை விட்டுத் துரத்திடுவோம். கொலைகாரனா இருந்தாக்கூட சந்தா கட்டினா போதும்!"

விம்மர் உடைந்தார்.

"நான் தேய்க்கலய்யா! என் பெண்டாட்டிதான்! போன வாரம் அலமாரியைத் திறந்தேன்... புதுப் பாத்திரம் மாதிரி மின்னுது! என்ன பண்ணுவேன்? அவிச்ச முட்டையோட மூடி வெச்சா வெள்ளி கறுக்கும். ஒரு வாரமா முட்டை மாத்தி முட்டை மாத்தி வெச்சேன். இப்ப பாத்ரூம்ல திறந்து பாத்தா லேசா பழுப்புதான் ஏறியிருக்கு. திருடு போச்சுன்னு சொல்லிட்டு, நல்லாக் கறுத்ததும் கிடைச்சிருச்சுன்னு சொல்லலாம்னு..."

"வீட்டம்மா எங்க?"

"முன் ஹால்ல. ஆப்பிள் ஷ்ட்ரூடல் சாப்பிட்டிட்டிருக்கா."

வரவழைத்தார்கள். ஹெர்மினா அம்மாள் முள்கரண்டியோடு வந்து நின்றாள். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். "வணக்கம், அரசவை ஆலோசகரம்மா!" வியன்னாவில் கணவன் பரீட்சை எழுதினால் மனைவிக்கும் பட்டம்.

"இந்தக் காசை நீங்கதானே தேய்ச்சீங்க?" என்று கேட்டாள் ரொமானா.

"எதுக்குத் தேய்க்கணும்? இது புதுசாச்சே! கடையில வாங்கினேன்."



"அ... அப்படின்னா?" என்றார் விம்மர்.

"பழசு ஒண்ணு கிடந்துச்சே, தீஞ்சுபோன வாணலி மாதிரி... நீங்க இல்லாதப்ப கிராட்டோக் ஐயா வந்திருந்தார். 'இதை என்ன பண்றது'ன்னு கேட்டேன். 'சீச்சீ, அசிங்கம்! கொடுங்க, நானே குப்பையில போட்டுடறேன். நாணயச்சாலைக் கடையில இதே வருஷம், இதே அம்மா, பளபளன்னு கிடைக்கும். வாங்கி வெச்சுடுங்க'ன்னார்."

அட! வணிக ஆலோசகர் வாழ்க்கையில் முதல் தடவையாக வணிகத்துக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்!

வாவ்ரா லென்ஸைக் கண்ணில் வைத்தார். பழைய அச்சா, புது அச்சா என்று காட்டிக்கொடுக்கும் பின்பக்கத்துக் கழுகின் வால் இறகுகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அம்மா சொல்றது நிஜம். சுத்தப் புதுசு. கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் பசைகூட ஓரத்துல இருக்கு."

"விம்மர் ஐயா," என்றாள் ரொமானா மெதுவாக, "முப்பது வருஷமா அந்தக் காசைப் பத்திச் சொற்பொழிவு பண்ணினவர் நீங்கதானே? ஒரு வாரம் கையில வெச்சிருந்தும்... தெரியலையா?"

"முட்டை... முட்டை மறைச்சிருச்சு..."

அவள் கிராட்டோக் பக்கம் கையை நீட்டினாள்.

"இப்ப பாக்கெட்டா... இல்ல, மோசடின்னு கேஸ் எழுதட்டுமா?"

கோட்டின் இடது பக்கத்திலிருந்து வெளியே வந்தாள் நிஜ தெரேசா. கரி போலக் கறுப்பு!

பன்னிரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில், "ஆகா... என்ன அழகு!" என்றார்கள்.

"இதை இன்னிக்கு உம்மோடதுன்னு காட்டி ஓட்டு வாங்கப் பாத்தீரா?" என்று சீறினார் வாவ்ரா.

ரொமானா காசை ஹெர்மினா அம்மாள் கையில் வைத்தாள்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

"தேர்தல் நேரம்!" என்று மேசையைத் தட்டினார் வாவ்ரா. "ஒருத்தருக்குத் தன் காசே அடையாளம் தெரியல. இன்னொருத்தர் அடுத்தவங்க காசைக் குப்பைன்னு சொல்லி அமுக்கிட்டார். யாருக்குப் போடறது?"

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எது பழசு, எது புதுசுன்னு லென்ஸ் இல்லாமலே சரியாச் சொன்னவங்க இந்த ரூம்ல ஒருத்தர்தான்யா!"

கைகள் உயர்ந்தன. கிராட்டோக்கின் கைகூட... விம்மர் ஜெயிக்கவில்லையே, அது போதும்!

"தலைவர்னா என்ன வேலை செய்யணும்?" என்றாள் ஹெர்மினா அம்மாள்.

"வேலையா? இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லம்மா."

"அப்ப சரி. ஆயுசு முழுக்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆயுசு முழுக்க!"

விம்மர் ரொமானாவின் கையைப் பிடித்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா... என் கேஸ் என்ன ஆகும்?"

"கவலைப்படாதீங்க, இப்பவே எழுதி முடிச்சுடறேன்," என்று பேனாவைத் திறந்தாள் ரொமானா.

"காணாமல் போனது: தலைவர் பதவி. எடுத்தவர்: மனைவி. திரும்பக் கிடைக்க வாய்ப்பு... உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு? அப்ப உங்களுக்கே தெரியுமே!"