மலைக்குக் கீழே கிடைத்த தவளைகள்

மேசை மேலிருந்த தகரப் பெட்டியின் லேபிளில் மை இன்னும் காயவில்லை. காட்சிசாலையில் தவளைகளைப் பதிவுசெய்யும் குமாஸ்தா தங்கப்பன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். 'கல்லாறு, ஆற்றங்கரைப் பாறை.' சாய்ந்த எழுத்து. கூட வேலை பார்த்த தாசையனின் எழுத்து. தாசையனைப் புதைத்துப் பன்னிரண்டு நாளாகிறது.

ஸ்பிரிட் நெடியும் ஈரப்பாசியின் வாடையும் கலந்த அந்தப் பின்கட்டு அறையில், ஓட்டின் மேல் இடவப்பாதிப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்க, பெட்டிக்குள் முதுகில் மஞ்சள் கோடு விழுந்த தவளையொன்று உயிரோடு உட்கார்ந்து தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தது. போனக்காட்டு மலையைத் தவிர வேறெங்கும் யாரும் கண்டிராத ஜாதி.

சூப்பிரண்டு நீலகண்டய்யர் குனிந்து பார்த்தார். "பேஷ்! இவ்வளவு கீழே இறங்கியிருக்கா? புது ரிக்கார்டுன்னா இது! யாரு கொண்டுவந்தா?"

"தெரியல்ல சார்."

"யாரோ. நீ எழுதிவை."

எழுதிவைத்தான். அவனும் தாசையனும் போனக்காட்டில் தவளை பிடித்துத் திரும்பிய அன்று கல்லாற்று வெள்ளம் தாசையனை இழுத்துக்கொண்டு போனது. "தங்கப்பா, கை தா" என்று அவன் நீட்டிய கை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பாறையைக் கட்டிக்கொண்டு தங்கப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எட்டவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

வியாழக்கிழமை இன்னொரு பெட்டி. 'நெடுமங்காடு, சந்தைக்குளம்.' திங்கட்கிழமை, 'பேரூர்க்கடை, ரோட்டோர ஓடை.' யாரும் உள்ளே வரவில்லை என்றான் காவலாள். ஐயர் சந்தோஷமாக வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். புள்ளிகள் மலையிலிருந்து ஊருக்குள் ஒரே கோடாக இறங்கின. தங்கப்பன் வேளைக்குச் சாப்பிட்டான், தூங்கினான்.

வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

'தம்பானூர், தங்கப்பன் வீட்டுக் கிணறு.'

பெட்டி காலியாக இருந்தது.

ஓட நினைத்தான். கால் நடந்தது. தம்பானூரில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுவாசலில் மனைவி சரோஜம் நின்றிருந்தாள். அவள் குரல் கம்மியிருந்தது.

"உங்களத் தேடி ஒரு ஆளு வந்திருக்கு. நல்லா நனஞ்சிருக்கு, பாவம். அடுக்களையில இருக்கச் சொன்னேன். எத்தன தடவ கேட்டாலும் வாயத் தொறக்கல்ல."

"நீ வெளிய நில்லு."

அவள் நிற்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

அடுக்களை இருட்டு. ஆற்றுச்சேற்றின் வாடை. அடுப்பருகே குத்தவைத்த உருவம். முதுகு மட்டும் தெரிந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கழுத்து உப்பியது. இரண்டு பக்கமும். தோள்வரை. தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது.

பிறகு அந்தக் குரல். போனக்காட்டு மலையில் கேட்ட தவளையின் குரல்.

தங்கப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. நடைவழியில் எரிந்த விளக்கு, அவனுக்குப் பின்னால் நின்ற சரோஜத்தின் நிழலை எதிர்ச்சுவரில் போட்டிருந்தது.

நிழலின் கழுத்து மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.