அம்மா வெட்டிய முதல் முடி

கத்தரிக்கோல் கையில் இருந்தது. வெட்டத்தான் மனம் வரவில்லை.

பிட்சுவாகப் போகிற மகனின் முதல் முடியைத் தாய்தான் எடுக்க வேண்டும். முற்றத்தில் நோப், வெட்டும் முடியைப் பிடிக்கத் தாமரை இலையை ஏந்தி உட்கார்ந்திருந்தான். சொந்தமும் அக்கம்பக்கமும் சுற்றி நின்றன. தாய் புவாலை கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள்.

"என்னடி மலைச்சு நிக்கிற? நல்ல நேரம் போகுது!" என்று கணவர் தாவோன் அதட்டினார்.

"என்னால முடியலைங்க..."

"மூணு மாசந்தானே அண்ணி! மழைக்காலம் முடிஞ்சா உங்க செல்லப்புள்ள உங்க மடியிலதான்!" நாத்தனார் சிரித்தாள்.

புவாலை சிரிக்கவில்லை. காவி கொடுக்குமுன் குரு, "உனக்கு நோய் உண்டா?" என்று கேட்பார். இவன் இல்லை என்பான். புத்தர் சந்நிதியில் பொய்! இரண்டு நாளாக நெஞ்சை அரித்த பயம் வெடித்தது.

"உன் பையில மாத்திரை டப்பாவப் பாத்தேன்டா! மருந்துக்கடையில கேட்டா, எச்.ஐ.வி. மருந்துங்கறான். யாரும் பாத்துடக் கூடாதுன்னு கால்வாயில வீசிட்டேன்... என் தம்பி செங் உசிரக் கொண்டுபோன எய்ட்ஸ் உனக்குமா? பெத்தவகிட்ட ஏண்டா மறைச்ச?"

நாத்தனார் இரண்டடி பின்வாங்கினாள். நோப்பின் முகம் வெளுத்தது. வாய் மூடினால் நோயாளி. திறந்தால்... அப்பாவை ஒருமுறை பார்த்தான்.

"எனக்கு நோய் இல்லம்மா. அது வராம இருக்கத்தான் அந்த மாத்திரை. மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் பாக்கறேன். போன வாரமும் இல்லைன்னுதான் வந்துச்சு."

"கல்யாணமாகாத பயலுக்கு அது எதுக்குடா?" என்றார் தாவோன்.

"எனக்கு ஆம்பளைங்களத்தான்ப்பா பிடிக்கும். செங் மாமாவுக்கும் அப்படித்தான். அவருக்கு எதுவும் சொல்லிக்குடுக்க ஆளில்ல. நான் மாத்திரையும் விட்டதில்ல, ஆணுறையும் விட்டதில்ல. உங்க கண்ணு முன்னால அவர மாதிரி சாகக்கூடாதுன்னுதான்..."

"போதும்! ஊரைக் கூட்டி வச்சு என் மானத்தை வாங்கிட்டீங்க!"

அவர் உள்ளே போய்த் தாழிட்டார்.

"நாந்தாண்டா... நாலு பேர் முன்னால உன்னை உரிச்சுட்டேனே!" புவாலை மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பயந்துபோய்த்தானேம்மா கேட்ட... வெட்டும்மா."

"காவியக் கழட்டிட்டு வெளிய வந்ததும் அந்த மாத்திரைய மறுபடி வாங்கிக்கடா."

"ரத்தம் பாத்துட்டுத்தாம்மா குடுப்பாங்க." அழுகையினூடே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் வெட்டினாள். பிறகு கோயில் பிட்சு ஒருவர் வந்து தலையை முழுதும் மழித்தார். புவாலை அறைக்கதவைத் தட்டினாள். "நான் பண்ணின தப்புங்க... அவனைத் தண்டிக்காதீங்க!" உள்ளே கட்டில் முனகியது. அவ்வளவுதான். ஒரு முடிவெடுத்தபின் மனைவி பேச்சைக் கேட்டு அவர் மாற்றிக்கொண்டதே இல்லை. இன்று மட்டும் கேட்பாரா?

குடும்ப மானம் காக்கத் தெரிந்த மனிதர்தான். அந்த மானம் மொட்டைத் தலையோடு வெயிலில் நிமிர்ந்து நின்றதைத்தான் அவர் பார்க்கவில்லை.

கோயில் ஊர்வலத்துக்கு மேளம் கிளம்பியது. காவித் துணியைத் தாயும் பிச்சைப் பாத்திரத்தைத் தகப்பனும் சுமப்பது அங்கே வழக்கம். கதவு திறக்கவேயில்லை. புவாலை துணியைக் கைகளில் ஏந்தி, பாத்திரத்தையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மகனோடு நடந்தாள்.