இரண்டு பைபிள்

அமெரிக்காவில் கறுப்பர்களைச் சட்டமே ஒதுக்கிவைத்திருந்த காலம். அலபாமா மாநிலத்தின் அந்தச் சிறு நகர நீதிமன்றத்தில் வெள்ளையர்கள் கீழே உட்காருவார்கள். கறுப்பர்கள் மாடத்தில் உட்காருவார்கள். அன்று பத்து வயது எர்லின் மட்டும் கீழே, தங்கள் வக்கீல் ஹேஸ்கின்ஸ் பக்கத்தில் இருந்தாள். அவள்தான் சாட்சி.

வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த நகர நூலகத்துக்குள் நுழைந்த அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதை எதிர்த்துச் சில கறுப்பர் குடும்பங்கள் வழக்குப் போட்டன. அதனாலேயே மர அறுவை ஆலையில் அவள் அப்பாவுக்கு வேலை போனது. மற்ற குடும்பங்கள் பயந்து விலகிவிட்டன. சனிக்கிழமை ரயிலில் எர்லின் வீட்டார் சிகாகோவுக்குக் குடிபோகிறார்கள்.

“இன்னைக்கு நீ பேசலைன்னா வழக்கு நிக்காதும்மா,” என்றார் ஹேஸ்கின்ஸ்.

“பேசிடுவேன், வக்கீல் ஐயா. ஆனா பயமா இருக்கு.”

“எனக்கும்தான். வெளியே காட்டிக்காதே.”

நகராட்சியின் வக்கீல் விட்லோ எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே, இவங்களுக்குன்னு ஆத்தங்கரையில தனி நூலகம் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் கிடையாது. அப்புறம் இதுல என்ன அநியாயம்?”

“அங்க மழை பெஞ்சா புத்தகமெல்லாம் நீச்சல் அடிக்குமே!” என்று மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு எழுந்தது. நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டினார். எர்லினைச் சாட்சி நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

சாட்சி சொல்பவர் முதலில் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றத்தில் இரண்டு பைபிள்கள் உண்டு. வெள்ளையர்களுக்கு ஒன்று, கறுப்பர்களுக்கு ஒன்று. வெள்ளையர்களுடையது மேசைமேலேயே இருந்தது. கறுப்பர்கள் அங்கே சாட்சி சொல்ல வருவது அபூர்வம் என்பதால், மற்றது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

குமாஸ்தா ப்ரூயிட் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பாதி தின்ற ரொட்டியும் ஒற்றைக் கையுறையும் வந்தன. பைபிள் வரவில்லை. அலமாரியைக் குடைந்தார். பிறகு முட்டிபோட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தார். வழுக்கைத் தலை வியர்த்துக் கொட்டியது.

“இல்லீங்க ஐயா,” என்றார், அடியிலிருந்தபடியே.

“அப்போ அடுத்த மாசம் பார்த்துக்கலாம்,” என்றார் நீதிபதி.

ஹேஸ்கின்ஸ் பதறி எழுந்தார். “ஐயா, அடுத்த மாசம் இந்தப் பொண்ணு இந்த ஊர்லயே இருக்க மாட்டா!”

“நான் என்ன பண்ண முடியும்? இந்த நீதிமன்ற வழக்கம் அப்படி.”

எர்லின் மாடத்தைப் பார்த்தாள். அப்பா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு அடியில் பார்த்தாள். குமாஸ்தா இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

“நீதிபதி ஐயா, பாவம், அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க,” என்றாள்.

“ஏன்?”

“தனித்தனியா வச்சாலும் ரெண்டும் ஒண்ணுதான், ஒரு வித்தியாசமும் கிடையாதுன்னு இந்த வக்கீல் ஐயா இப்பதானே சொன்னாரு? அப்போ மேசைமேல இருக்கற பைபிளே போதுமே?”

மேசைக்கு அடியிலிருந்து குமாஸ்தாவின் தலை வெளியே வந்தது.

நீதிபதி மெதுவாக விட்லோ பக்கம் திரும்பினார். “என்ன சொல்றீங்க விட்லோ? ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?”

விட்லோ நீதிபதியையும் மேசைமேல் இருந்த பைபிளையும் பார்த்தார். வேறு என்றால் அவருடைய வாதமே கவிழ்ந்துவிடும். ஒன்று என்றால் இந்தச் சிறுமி பேசிவிடுவாள். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

“ஒண்ணுதான்,” என்றார் கடைசியில். பாதிக் குரல்தான் வந்தது.

“சத்தமா.”

“ஒண்ணுதான் ஐயா!”

“ப்ரூயிட், எழுந்திரு,” என்றார் நீதிபதி. “அந்தப் பைபிளைக் கொண்டு வா.”

குமாஸ்தா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, மேசைமேல் இருந்ததை எடுத்து நீட்டினார். எர்லின் இடது கையை அதன்மேல் வைத்தாள். வலது கையை உயர்த்தினாள். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு? மெதுவா சொல்லும்மா,” என்றார் ஹேஸ்கின்ஸ்.

“எங்க வீட்டு ஆமை ரெண்டு நாளா எதுவுமே தின்னல, ஐயா. அதுக்கு என்ன குடுக்கணும்னு படிச்சுப் பார்க்கத்தான் நூலகத்துக்குப் போனேன்…”

எர்லின் சொல்லச் சொல்ல, குமாஸ்தா ப்ரூயிட் ஒரு வார்த்தை விடாமல் நீதிமன்றப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.