அடைத்த ஓட்டை

காலையில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நோயாளிகளின் ஸ்கேன் ஒன்றுகூடத் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஒரு மிரட்டல். ஆபரேஷனுக்கு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு சர்வர் வாடகைக்கு விட்டிருந்தது பெங்களூர் அல்சூரில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டிரேவருக்குக் கைகால் ஓடவில்லை. ஒரே சர்வருக்குள் மூன்று வாடிக்கையாளர்களுக்கு மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். ஒரு வீட்டைச் சுவர் வைத்து மூன்றாகத் தடுத்துக் குடிவைத்த மாதிரி. ஆஸ்பத்திரியின் டிஸ்க்கை யாரோ வெளியே, சர்வர் பக்கமிருந்து பூட்டியிருந்தார்கள். சர்வரின் பாஸ்வேர்டு டிரேவரிடம் மட்டுமே இருந்தது.

"அப்போ வேற யாரு?" என்றார் முதலாளி பாலகுமார். "போலீஸைக் கூப்பிடறேன்."

அதற்குள் ஆஸ்பத்திரி அனுப்பிய ஜூலியா வந்துவிட்டாள். இந்த மாதிரித் திருட்டுகளைத் துருவுவதுதான் அவள் தொழில்.

"ஸ்வல்ப இருங்க சார். சுவத்துல ஓட்டை இருந்தா?"

"இருந்துது. போன வாரமே டிரேவர் பேட்ச் போட்டு அடைச்சாச்சு. திரையைப் பாருங்க, புது வெர்ஷன்."

பார்த்தாள். டிரேவர் பக்கம் திரும்பினாள்.

"பேட்ச் போட்டப்புறம் மெஷின்களை அணைச்சீங்களா?"

"கோச்சிங் சென்டரோடது மட்டும், மேடம். மெமரி கூட்டித் தரச் சொன்னாங்க. மத்ததைத் தொடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார்."

"நடுவுல நிறுத்தினா கஸ்டமர் கத்துவாங்கம்மா," என்றார் பாலகுமார்.

"மூணாவது கஸ்டமர் யாரு?"

"யுவன்னு ஒருத்தர். புதுசு. ஏதோ கேம் நடத்தறாராம்."

"அந்த மெஷினை அணைக்காதீங்க. வீடியோவைப் பாஸ் பண்ற மாதிரி அப்படியே நிறுத்தி வைங்க."

டிரேவர் உடனே அப்படியே செய்தான்.

"திருடன் யுவன்தான்," என்றாள் ஜூலியா. "பேட்ச் டிஸ்க்ல ஏறிடுச்சு சார். ஆனா ஓடிட்டிருக்கிற மெஷின், முழுசா அணைச்சுப் போடற வரைக்கும் பழைய மென்பொருள்லயேதான் ஓடும். ஓட்டையும் அப்படியே இருக்கும். கோச்சிங் சென்டர் அணைஞ்சு எழுந்துது, அங்கே வழி அடைபட்டுப் போச்சு. ஆஸ்பத்திரி தன்னைத்தானே மிரட்டாது. மிச்சம் யார்?"

பாலகுமார் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

நிறுத்திவைத்த மெஷினின் மெமரியை அவள் துழாவினாள். சுவரைத் துளைத்த நிரல் அங்கே இருந்தது. பூட்டைத் திறக்கும் சாவியும் பக்கத்திலேயே கிடந்தது. அணைத்திருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

ஸ்கேன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சைபர் போலீஸ் சந்தாபுராவில் ஒரு வாடகை அறையில் யுவனைப் பிடித்தது. டிரேவர் மற்ற மெஷின்களையும் அணைத்துப் போட்டான். இந்தமுறை யாரும் தடுக்கவில்லை.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் பாலகுமார், தரையைப் பார்த்தபடி.

மறுபடி ஆஸ்பத்திரியிலிருந்து போன். முதல் நோயாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். டிரேவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்து மனைவியை அழைத்தான்.

"ஒண்ணுமில்ல அல்போன்சா," என்றான். "மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர்றேன்."