எந்தக் குரலுக்குத் திறக்கும்

தம்பி ஒருநாளும் வாசலில் நின்று கூப்பிட்டதில்லை. அவனிடம் சாவி இருந்தது.

"அக்கா, கதவைத் திற."

விடாத மழை பெய்த பிற்பகல். கரண்ட் போயிருந்தது, உலராத துணியின் வாடை வீடு முழுக்கக் கனத்துக் கிடக்க, இருட்டிய கூடத்தில் அவளுடைய லேப்டாப் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. செயலிகளைத் தானாகவே தாக்கிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கும் டூல் எழுதுவது அவள் வேலை. அது முதலில் செயலிக்குச் சரியான சொல்லைக் கொடுக்கும். அடுத்து ஒன்றுமே கொடுக்காது. பிறகு அளவுமீறி நீட்டும். கடைசியில் கண்டபடி குலைத்துக் கொடுக்கும். எங்கே இளகுகிறதோ அங்கே பிடித்துக்கொள்ளும். "ஈவு இரக்கமே இல்லாம எழுதியிருக்கியேம்மா" என்று மேனேஜர் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சாவி என்னடா ஆச்சு?" என்றபடி எழுந்து போனாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் திறந்து மூடும் ஈரச் சத்தம் மட்டும்.

பிறகு, "அக்காஆஆஆஆ..." எந்த நெஞ்சிலும் அவ்வளவு காற்று இருக்க முடியாது என்று அவளுக்கு உறைத்த பிறகும் அது நீண்டுகொண்டே போனது. சட்டென்று நின்றது.

"றதி... வைதக... காஅக்."

இந்த வரிசையை எழுதியவளே அவள்தான். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். வராந்தா காலி. மேல் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

தம்பிக்குப் போன் அடித்தாள்.

"இப்பதான்க்கா பஸ்ஸ விட்டு இறங்குனேன். தெருமுனைல இருக்கேன்."

"வராதடா! அங்கயே நில்லு!"

"என்னது? மழைல ஒண்ணும் கேக்கல. இரு, வந்துட்டேன்."

கட்டானது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

வெளியே அம்மாவின் குரல் கூப்பிட்டது. அப்புறம் மேனேஜரின் குரல். அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. நடுநடுவே ஒரே அளவு மௌனம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். எல்லாம் அடங்கியது. பூட்டில் சாவி திரும்பியது. தாழ்ப்பாள் தடுத்தது.

"அக்கா, எதுக்கு தாப்பா போட்டிருக்க? தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன்."

அவன்தான். அவனாகத்தான் இருக்கும். கை தாழ்ப்பாள் வரை போனது. இதுவும் அதன் வேலையாக இருந்தால்?

கை நின்றது.

"யாருங்க நீங்க?" தம்பி வேறு யாரையோ கேட்டான். "அக்கா! கதவ... அக்கா!"

கதவு ஒரு முறை அதிர்ந்தது.

அவள் திறக்கவில்லை.

மழை. மழை மட்டும்.

"ஒண்ணுமில்லக்கா. போயிருச்சு. திற."

அச்சு அசல் அவன் குரல். முடிவில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு உட்பட.

துளையில் கண்ணை வைத்தாள். தம்பி கதவை ஒட்டி நின்றிருந்தான். சட்டை நுனியில் தண்ணீர் சொட்டியது. கன்னமெல்லாம் கண்ணீர். உதடுகள் இறுக மூடியிருந்தன. அவளை நேராகப் பார்த்து, திறக்காதே என்று மெதுவாகத் தலையாட்டினான்.

அவன் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"அக்கா, திற."