இறந்த எஞ்சினுக்குப் புது ஃபில்டர்

கார் கம்பெனியின் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, டீச்சர் உட்காராமலே நின்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் தெருவுக்கே அவர் டீச்சர்தான். பள்ளிக்கு இருந்ததே ஒரு கார். ஜூலை முதல் வாரத்தில், பாலத்தின் நடுவில், மாணவி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வாரண்டி முடிந்து ஐந்தே வாரம்.

"புது எஞ்சின் போடற செலவுக்கு நான் பள்ளியையே இழுத்து மூடிடலாம் சார். ஆயிலை ஒழுங்கா மாத்தலைன்னு என் தலையிலேயே பழியைப் போடறாங்க. நாலு சர்வீஸும் அவங்க சென்டர்லதான் விட்டேன். நாலு பில்லும் பத்திரமா இருக்கு!"

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்தார். விபத்தில் சிக்கிய வண்டிகளை இன்சூரன்ஸுக்காக முப்பது வருடம் ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மருமகள் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். தான் அடுக்கியதைத் தானே நம்பாமல் இன்னொரு முறை அடுக்குவாள்.

"வண்டி நின்ன பிறகு அதை யார் யார் தொட்டாங்க?" என்றார் சர்வேயர்.

"ஷெட் சாவி என் இடுப்புலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். அந்த சென்டர்ல அவர்தான் சூப்பர்வைசர். லீவு நாள்னும் பார்க்காம அடியில படுத்துப் பார்த்தார், பாவம். நான் அவருக்குக் காபி போட உள்ளே போயிட்டேன். மறுநாள் கம்பெனி இன்ஸ்பெக்டர். மேல் மூடியைத் திறந்து போட்டோ எடுத்தார், அவ்வளவுதான். நான் கூடவே நின்னேன்."

அன்று மாலை ஷெட்டில், ஒரு சாக்கை விரித்து, டார்ச்சுடன் காருக்கு அடியில் புகுந்தாள் மருமகள்.

"என்னம்மா தெரியுது?"

"எல்லாம் புழுதி மாமா. ஆயில் ஃபில்டர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. மேல மார்க்கர்ல 61,340ன்னு எழுதியிருக்கு."

"ஆயிலோட சேர்த்து இதை மாத்தும்போது கிலோமீட்டரை எழுதி வைக்கிறது மெக்கானிக் பழக்கம். பில் என்ன சொல்லுது?"

"அதே 61,340. இந்த வருஷம் மார்ச் மாசம்." டார்ச் வெளிச்சம் ஃபில்டரைச் சுற்றி நகர்ந்தது. "மாமா, ஃபில்டர்ல தயாரிச்ச மாசம் அச்சாகியிருக்கு. இதே வருஷம், மே. நான்தான் தப்பாப் படிக்கிறேனோ?" மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் மே மாதம்தான்.

"கழட்டிப் பார்த்துடலாமா, வக்கீலம்மா?"

"வேண்டாம் மாமா. நாம கை வெச்சா, நாமதான் மாத்தினோம்னு திருப்பி விடுவாங்க. கம்பெனி ஆள் முன்னாடி கழட்டலாம்."

சர்வேயர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் அவள் கொஞ்சம் துணிந்துவிட்டாள். "இது அந்த இன்ஸ்பெக்டர் வேலையா இருக்குமோ?"

"அம்மாடி, ஆயிலே மாத்தலைன்னு சொல்ல வந்தவர் புது ஃபில்டரையா பூட்டிட்டுப் போவார்?"

அவள் தன் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஆள். அவரைப் பற்றி டீச்சர் சொன்ன 'பாவம்' என்ற சொல்லை அடிக்கக் கை வரவில்லை.

சனிக்கிழமை கம்பெனி அதிகாரி ஒரு மெக்கானிக்கோடு வந்தார். சூப்பர்வைசரும் அவர் மனைவியும் டீச்சருக்குத் துணையாக வந்திருந்தார்கள். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றித் தட்டில் கவிழ்த்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளிருந்த தாள் நனையவே இல்லை.

"மார்ச்ல பூட்டினதா எழுதியிருக்கு. பிறந்ததோ மே மாசம்," என்றார் சர்வேயர். "எஞ்சின் ஒரு நிமிஷம் ஓடியிருந்தாலும் இது ஆயில்ல ஊறியிருக்கும். அப்போ எஞ்சின் செத்த பிறகுதான் பூட்டியிருக்காங்க. செத்தவனுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்களா? பழைய ஃபில்டரைப் பார்த்தா ஒரு உண்மை தெரிஞ்சுடும்னு பயந்தவர்தான் கொடுப்பார்."

"என்ன உண்மை?" என்றார் அதிகாரி.

"அவர் கழட்டின பழைய ஃபில்டர், உங்க தொழிற்சாலையில பூட்டின முதல் ஃபில்டராத்தான் இருக்கணும். நாலு பில் போட்டாங்க. ஒரு தடவைகூட மாத்தலை. டீச்சர் காபி போடப் போன நேரம் போதும், தொழில் தெரிஞ்ச கைக்கு."

எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும்னு கழுத்துல கத்தி வைக்கிறாங்க அக்கா. ஆயிலைத் தொடாம, வண்டியைத் தண்ணி அடிச்சுக் கழுவி, பில் போட்டு அனுப்பினாத்தான் கணக்கு வரும்."

"அதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"மத்தவங்க பக்கத்துலயே நின்னு பார்ப்பாங்க. நீங்க என்னை நம்பி, சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவீங்க."

டீச்சர் அவரிடமிருந்து ஓரடி விலகி நின்றார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இது தனி ஆள் செஞ்ச தப்பு. கம்பெனி இதுக்கு..."

"நாலு பில்லுலயும் உங்க கம்பெனி முத்திரை இருக்கு சார்," என்றாள் மருமகள். நாலையும் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். "முத்திரையை நம்பித்தானே வண்டியை விட்டாங்க?"

அதிகாரி பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சரிம்மா. கம்பெனி செலவுலயே எஞ்சின் மாத்த ஏற்பாடு பண்றேன். ஆனா எழுத்துல புகார் வேணும். யார் செஞ்சதுன்னு பேரோட."

தங்கை ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். "அக்கா, பேரை மட்டும் எழுதாதே. அவருக்கு வேலை போயிடும். எனக்காக விட்டுடு."

மருமகள் நீட்டிய பேனா டீச்சரின் விரல்களில் அப்படியே நின்றது. கம்பெனியை எதிர்த்து வந்தவர் இப்போது தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைக்கப் போனவர், சட்டென்று சூப்பர்வைசரிடம் திரும்பினார்.

"உன் வண்டிக்கு ஆயில் மாத்துவியா?"

"மாத்துவேன் அக்கா. தவறாம, என் கையாலேயே."

டீச்சர் தங்கையின் கையை மெல்ல விலக்கினார். புகார்க் காகிதத்தைக் காரின் பானெட்மேல் வைத்து, சூப்பர்வைசரின் பெயரை முழுதாக எழுதினார். பிறகு சாட்சிக் கையெழுத்துக்காக மருமகளிடம் நீட்டினார்.