ஏரிக்குப் போன அண்ணி!

போன் அலறியது.

காசிம் திரையைப் பார்த்தான். வாயில் இருந்த டீ கசந்தது.

ஜாஹிரா அண்ணி!

செத்துப்போன அண்ணன் அப்துல் ரசாக்கின் மனைவி. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததுதான் தாமதம்... பெட்டியைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக ஐரோப்பாவுக்குச் சுற்றுலா கிளம்பிப் போனவள்!

"அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணி. எப்படி இருக்கு ஊரு? என்னமோ பேரு சொன்னீங்களே..."

"வஅலைக்கும் ஸலாம், தம்பி. ஆன்ஸி. பிரான்ஸ்ல இருக்கு. சின்ன ஊருதான். நம்ம ஊரு மாதிரியே தலை நிமிந்தா மலை. ஆனா மலை காலடியில இம்மாம் பெரிய ஏரி! தண்ணி அடி வரைக்கும் தெரியுது. அன்னம் ரெண்டு என்னையே பாத்துக்கினு இருக்குது."

"சந்தோஷம் அண்ணி."

"ஊருக்கு நடுவுல கால்வாய் ஓடுது. பாலத்துக்குப் பாலம் பூந்தொட்டி. காபிதான் நானூறு ரூவா. பாத்ரூம்ல தண்ணி மொள்ள மக்கு கிடையாது, தெரியுமா? நல்லவேளை, நான் பச்சைக் கலர்ல ஒண்ணு பெட்டியில வச்சு எடுத்தாந்தேன்."

காசிம் சிரித்து வைத்தான்.

"இங்க எல்லாரும் ஒரு மாதிரியா பேசறாங்க அண்ணி. புருஷன் போயி ஒரு வருஷம்கூட ஆவல... பொம்பளை தனியா..."

"பேசட்டும்! நம்ம செங்கம் ரோட்டுக்கு எத்தினி வெள்ளைக்காரங்க வராங்க? மலையைப் பாக்கறாங்க, சுத்தி நடக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க. எதுக்குடா வந்தேனு யாராவது கேட்டோமா? நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல ரூமைப் பெருக்கி, பெட்ஷீட் மாத்தி, டீ போட்டுக் குடுத்தேன். இப்ப நான் அவங்க ஏரியைப் பாக்க வந்திருக்கேன். என் காசு. என் காலு. எவனுக்கு என்னா?"

காசிம் டீயை உறிஞ்சினான்.

  மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"தம்பி..."

"சொல்லுங்க அண்ணி."

"ஜனாஸா எடுத்து அடக்கம் பண்ண அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. 'டேங்க் மூடியைப் போட்டுட்டுத் திரும்பும்போது அண்ணனுக்குக் கால் வழுக்கிடுச்சு'னு."

"ஆமா..."

"கெஸ்ட் ஹவுஸ் மாடியில அவர் தனியாத்தானே இருந்தாரு? மூடியைப் போட்டாரு... திரும்பினாரு... இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

காசிம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணி... வீடியோ கால்ல வாங்க. முகம் பாத்துப் பேசலாம்."

"இங்க நெட்டு கம்மி தம்பி. இன்னொண்ணு. குரங்குத் தொல்லைக்காக உங்க அண்ணன் மாடியில ஒரு சின்ன கேமரா வச்சிருந்தாரு. அதோட மெமரி கார்டு இப்ப என்கிட்ட இருக்குது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வரேன். நேரா எஸ்.ஐ. நந்தினி மேடம்கிட்டதான் போவேன். வச்சிடறேன்... படகு வந்துடுச்சு!"

துண்டிக்கப்பட்டது.



ஒரே ஒரு தள்ளு! அவ்வளவுதான் அவன் செய்தது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், மலையைப் பார்த்த மாதிரி நிற்கும், அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்த ரஹ்மத் கெஸ்ட் ஹவுஸ். சென்னைப் பார்ட்டி ஒன்று அதை இடித்துவிட்டு மூன்று மாடி ஓட்டல் கட்டக் காத்திருந்தது. ரசாக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். கடைசிவரை போடவில்லை.

ஊர் விபத்து என்றது. போலீஸும் விபத்து என்றது.

இந்த ஜாஹிரா மட்டும்...

"என்னாங்க... இதைப் பாத்தீங்களா?"

மறுநாள் காலையில் பிர்தௌஸ் தன் போனைக் கொண்டுவந்து கணவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"என்னா அது?"

"அண்ணியோட ஸ்டேட்டஸ். ராத்திரி போட்டிருக்காங்க. பாருங்களேன், எவ்ளோ அழகா இருக்குது!"

பாலம். பூந்தொட்டி. நீல ஏரி. வெள்ளைப் படகு.

காசிம் எரிச்சலோடு தள்ளிக்கொண்டே போனான்.

கடைசிப் படத்தில் விரல் நின்றது.

ஒரு அறை. தரையில் தொழுகை விரிப்பு. எதிரே ஜன்னல், வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு வெளிச்சம் விரிப்பின் மேல் நீளமாக விழுந்திருந்தது. கீழே ஒரு வரி: 'ஏரி ஊரில் மஃரிப் தொழுகை.'

காசிம் அந்தப் படத்தையே பார்த்தான்.

பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு... சிரித்தான்!

"என்னாங்க சிரிக்கறீங்க?" என்றாள் பிர்தௌஸ்.

"ஒண்ணுமில்ல. இன்னொரு டீ போடு."

அவளுக்கு எங்கே புரியப்போகிறது! இந்தத் தெருவில் புரிகிற ஒரே ஆள் அவன்தான்.

தோல் வியாபாரத்தில் இருந்தபோது ஒருமுறை இத்தாலிக்குப் போயிருந்தான், மிலான் கண்காட்சிக்கு. முதல் நாள் மாலை, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில், மறைகிற சூரியனைப் பார்த்து விரிப்பைப் போட்டான். பக்கத்தில் இருந்த மொராக்கோ கிழவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மக்கா அந்தப் பக்கம் இல்லையப்பா... உன் முதுகுப் பக்கம்!

நம் ஊரிலிருந்து மக்கா மேற்கே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து தென்கிழக்கே. அங்கே தொழ நிற்பவன் மறைகிற சூரியனுக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும்.

இவள் விரிப்போ சூரியனைப் பார்த்துக் கிடக்கிறது!

ஆன்ஸியாவது ஏரியாவது! அவள் விமானமே ஏறவில்லை. ரெண்டாம் நம்பர் அறையில் வருஷா வருஷம் வந்து தங்குவாளே ஒடீல் என்கிற பிரெஞ்சுக் கிழவி... அவள் அனுப்பும் படங்களை இவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். நெட்டு கம்மியாம்!

எங்கே ஒளிந்திருப்பாள்?

கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வந்தது. ரஹ்மத் கெஸ்ட் ஹவுஸில் மேற்கு ஜன்னல் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான்.

மொட்டை மாடியில் இருக்கும் ஆறாம் நம்பர்!

காசிம் தன் வீட்டு மாடிக்கு ஓடினான். ரெண்டு சந்து தள்ளி, பூட்டிக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அந்தக் கட்டடத்தைப் பார்த்தான்.

கொடியில் ஒரு ஈரத் துண்டு.

அப்போதுதான் நிரம்பியிருக்க வேண்டும்... டேங்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

'என்னைப் பயமுறுத்திவிட்டு, நான் எங்கே ஓடுகிறேன், யாரிடம் பேசுகிறேன் என்று ஒளிந்திருந்து வேவு பார்க்கிறாயா அண்ணி?'

அவனுக்குக் கோபம் வரவில்லை. மாறாக, நெஞ்சு லேசாகியது.

ஊர் பூராவும் அவள் ஐரோப்பாவில் இருக்கிறாள் என்று நம்புகிறது. வெள்ளிக்கிழமை வரவில்லையென்றால் எங்கே தேடுவார்கள்? ஏரியில் தேடுவார்கள்!

தன் சாவுக்கு வேண்டிய ஏற்பாட்டை அவளே செய்து வைத்திருக்கிறாள்...

மத்தியான வெயிலில் சந்து காலியாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வராத மாதம். பாதி கபேக்கள் பூட்டிக் கிடந்தன. நாய்கள் கூட நிழலை விட்டு நகரவில்லை.

காசிம் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தான். இடுப்பில் நைலான் கயிறு. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் படியேறினான்.

மொட்டை மாடி கொதித்தது. டேங்கைத் தாண்டும்போது அவன் கண் தானாகக் கைப்பிடிச் சுவரின் அந்த மூலைக்குப் போனது. உடனே திரும்பிக்கொண்டது.

ஆறாம் நம்பர் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

உள்ளே... குழாயை யாரோ மூடும் சத்தம்!

காசிம் கதவில் விரலால் தட்டினான்.

"அண்ணி... ஆன்ஸி எப்படி இருக்கு? அன்னமெல்லாம் சௌக்கியமா?"

பதில் இல்லை.

"உள்ள இருக்கறது தெரியும் அண்ணி. கதவைத் திறங்க. கார்டைக் குடுங்க. போயிடறேன்."

மௌனம்.

"கொஞ்சமாவது யோசிச்சிருக்கக் கூடாதா? அந்த ஊர்ல போயி யாராவது மேற்கே பாத்துத் தொழுவாங்களா? போனவனுக்குத்தான் தெரியும் அந்த வித்தியாசம். போவாதவங்க இப்படித்தான் மாட்டிப்பாங்க!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு மறுபடி அதே மௌனம். வெயிலை விட அதுதான் ஜாஸ்தி சுட்டது.

"பேசுங்க அண்ணி! நேத்து போன்ல அவ்ளோ வாய் பேசினீங்க இல்ல? என் காசு, என் காலுனு!"

மௌனம்.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"சரி, கேளுங்க! ஆமா, நான்தான் தள்ளினேன்! மூடியைப் போட்டாரு. திரும்பினாரு. என்னைப் பாத்து, 'என்னாடா காசிம், வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடிக்கிறியா'னு கேட்டாரு... ஒரு தள்ளு! அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா இன்னிக்கு உசிரோட இருந்திருப்பாரு. நீங்களாவது போடுவீங்கனு பாத்தேன். சுத்திப் பாக்கப் போறேன்னுட்டீங்க!"

  இடுப்பிலிருந்து கயிற்றை உருவினான்.

"பிரான்ஸ்ல ஒருத்தி தொலைஞ்சு போயிட்டானு ஊர் பேசும். பாவம் அண்ணி, நீச்சல் தெரியாதுனு நானே அழுவேன். கதவைத் திறக்கறீங்களா, உடைக்கட்டுமா?"

அப்போது...

அவன் சட்டைப் பையில் இருந்த போன் அலறியது.

வீடியோ கால்.

திரையில்... ஜாஹிரா!

விரல் பச்சைப் பொத்தானைத் தொட்டது.

பளீரென்ற காலை வெயில். நீலமாய் விரிந்த ஏரி. காற்றில் படபடக்கும் முக்காடு. கையில் பாதி தின்ற ஐஸ்க்ரீம். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் படகு 'பாம்ம்ம்...' என்று ஊதிவிட்டுக் கரையை விட்டு விலகியது. பக்கத்தில் ஒடீல் கிழவி கையை ஆட்டினாள்.

"என்னா தம்பி..." என்றாள் ஜாஹிரா. "யாரு கூடப் பேசிக்கினு இருக்கீங்க?"

காசிம் போனைப் பார்த்தான்.

கதவைப் பார்த்தான்.

அப்படியானால்... உள்ளே?

தாழ் விலகியது.

கதவு திறந்தது. எஸ்.ஐ. நந்தினி யூனிஃபார்மில் நின்றிருந்தாள். ஒரு கையில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டர். இன்னொரு கையில் துண்டு. அவளுக்குப் பின்னால் ஏட்டு ஆதிமூலம் விலங்கோடு எழுந்தார்.

"கயிறு நல்லா புதுசா இருக்கே காசிம் பாய்!" என்றாள் நந்தினி. "நீங்க பேசினதையெல்லாம் என் போன் வழியா உங்க அண்ணியும் கேட்டுட்டாங்க. ரெண்டு நாளா இந்த வேக்காட்டுல உங்களுக்காக உக்காந்திருக்கோம். காலையில போட்ட மோட்டாரை ஆதிமூலம் சார் நிறுத்த மறந்துட்டாரு. நான் அலறிட்டேன், உள்ள இருக்கறது போலீஸ்னு நீங்க சந்தேகப்படுவீங்களோனு."

"குளிக்காம எப்படி மேடம் இருக்கறது?" என்றார் ஆதிமூலம் வருத்தத்தோடு.

காசிமின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"அந்த போட்டோ... விரிப்பு..."

"அதுவா?" திரையில் ஜாஹிரா ஐஸ்க்ரீமை ஒரு நக்கு நக்கினாள். "கிளம்பறதுக்கு முன்னாடி ஆறாம் நம்பர்ல எடுத்தது. மிலான் கதையை எத்தினி தடவ சொல்லியிருக்கீங்க! ரம்ஜானுக்கு ரம்ஜான், பிரியாணி வாயில இருக்கும்போதே ஆரம்பிச்சுடுவீங்க. எங்க எல்லாருக்கும் மனப்பாடம். இங்க நான் ஏரியைப் பாத்துத்தான் தொழறேன். அந்தப் பக்கம்தான் தென்கிழக்கு."

"ஏன்... ஏன் அண்ணி..."

"காலி ரூம் கிட்ட எவன் உண்மையைச் சொல்லுவான்? உள்ள நான் ஒளிஞ்சிருக்கேன்னு நீங்க நினைக்கணும். உங்க புத்திசாலித்தனத்தை என்கிட்ட காட்டாம உங்களால இருக்க முடியாது. அதான் வேணும்."

"ஸ்டேட்டஸை நான் பாக்காமலே இருந்திருந்தா?"

"மூக்குக்கு நேரா கொண்டாந்து நீட்டினது யாரு? பிர்தௌஸுக்கு உங்க அண்ணன்னா உசிரு. அடுத்த வருஷம் அவளும் என்கூட வரா. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

காசிம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். விலங்கு 'க்ளிக்' என்றது.

"மெமரி கார்டு..." என்று முனகினான். "அதுல நான் இருக்கேனா?"

"கேமராவை வச்ச மறுநாளே குரங்கு பிச்சிக்கினு போயிடுச்சு தம்பி. மலையில எங்கயாவது படம் எடுத்துக்கினு இருக்கும்."

 திரையில் ஏரித் தண்ணீர் கரையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஜாஹிரா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். 'தண்ணி குடிக்கிறியா' என்று கேட்டவனை நினைத்திருக்க வேண்டும்.

நந்தினி தொண்டையைச் செருமினாள்.

"மேடம், உடனே கிளம்பி வர முடியுமா? ஸ்டேட்மென்ட் வாங்கணும்."

ஜாஹிரா நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் மேடம் டிக்கெட்டு. இன்னும் கோட்டையைப் பாக்கல, அக்கரைக்குப் போவல. இவனுக்காக நான் ஏன் பாதியில வரணும்? முழுசா சுத்திட்டுத்தான் வருவேன்!"

பிறகு திரைக்கு மிக அருகில் வந்தாள்.

"காசிம் தம்பி... கவலைப்படாதீங்க. உங்களுக்கும் ஒரு ரூம் போட்டாச்சு. வேலூர் ஜெயில்ல தொழ மேற்குதான்... அங்க திசைக் குழப்பமே வராது!"